சீர்காழி ரங்கநாதனும் விக்கித்தரவும்: ஒரு நூலகரின் அனுபவம்

செமான்டிக் வெப் பற்றி எங்கள் துறைக் கருத்தரங்குகளில் பலமுறை கேட்டிருக்கிறேன். 2001 மே மாத ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் டிம் பெர்னர்ஸ் லீ, ஜேம்ஸ் ஹெண்ட்லர், ஓரா லாசிலா மூவரும் எழுதிய கட்டுரையில்தான் உரை தொடங்கும். பிறகு ஆர்டிஎஃப் (தரவை மூன்று துண்டுக் கூற்றுகளாக எழுதும் முறை), அவுல் (பொருள்களின் வகைகளையும் உறவுகளையும் வரையறுக்கும் மொழி), ஸ்பார்க்கிள் (அந்தத் தரவிடம் கேள்வி கேட்கும் மொழி) என்று ஒவ்வொன்றாக வரும். மனிதர்கள் படித்துப் புரிந்துகொள்வதை எந்திரங்களும் பொருள் பிரித்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற அந்த நோக்கம் எனக்கு அப்போதே பிடித்திருந்தது. ஆனால் அது பிடிபட்டது, யாரும் திருத்தக்கூடிய திறந்த தரவுத்தளமான விக்கித்தரவில் ஒரே ஒரு மனிதரைப் பற்றி என்னென்ன எழுத வேண்டும், எப்படி எழுத வேண்டும் என்று வரி வரியாகப் பார்க்க உட்கார்ந்தபோதுதான்.

அந்த மனிதர் எஸ். ஆர். ரங்கநாதன். நூலகத் துறையில் இருப்பவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கணித ஆசிரியராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்காக லண்டன் போனபோது அங்கே ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். சில துண்டுகளை வெவ்வேறு விதமாகப் பூட்டினால் வெவ்வேறு பொம்மைகள் வருகின்றன. நூல்களின் பொருளையும் அப்படித் துண்டுகளாக வைத்துக்கொண்டு தேவைக்கேற்பப் பூட்டலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1933இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறை அந்த எண்ணத்திலிருந்து பிறந்தது. ஒரு நூல் எதைப் பற்றியது, எந்தப் பொருளால் ஆனது, என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம் என்று ஐந்து கூறுகளாகப் பிரித்துக் கேட்பது அதன் அடிப்படை. “1950இல் இந்தியாவில் நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்ரே மூலம் செய்த சிகிச்சை பற்றிய ஆராய்ச்சி” என்ற நீண்ட பொருளைக்கூட அந்த முறையில் ஒரே எண்ணாக எழுதலாம். நுரையீரல், காசநோய், சிகிச்சை, இந்தியா, 1950 ஒவ்வொன்றும் அந்த எண்ணுக்குள் தனித்தனியாக நிற்கும். இன்று ஸ்பார்க்கிள் கேள்வி எழுதும்போது நான் செய்வதும் இதையேதான். ஆகவே முதலில் யாரை எடுத்துக்கொள்வது என்று அதிகம் யோசிக்கவில்லை.

விக்கித்தரவு 2012 அக்டோபர் 29 அன்று தொடங்கியது. அதில் ‘உருப்படி’ எனப்படும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. தமிழ் மொழிக்கு கியூ5885, தமிழ்நாட்டுக்கு கியூ1445, சென்னைக்கு கியூ1352. பொருளுக்கும் பொருளுக்கும் உள்ள உறவுக்கும், அதாவது ‘பண்பு’க்கும், எண் உண்டு: பிறந்த இடம் பி19, பிறந்த தேதி பி569. “ரங்கநாதன் – பிறந்த இடம் – சீர்காழி” என்று மூன்று துண்டாக ஒரு கூற்றை எழுத வேண்டும். அவ்வளவுதான் இலக்கணம். எங்கள் நூலகவியல் மாணவர்களுக்கு இதை முதலில் கணினியில் காட்டுவதில்லை. ஆளுக்கொரு தாள் கொடுத்து, தங்கள் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றி மூன்று துண்டுக் கூற்றுகளாக எழுதச் சொல்வேன். பாதி எழுதும்போதே கேள்விகள் எழும். அந்தக் கேள்விகள்தான் பாடம்.

சீர்காழியையே எடுத்துக்கொள்வோம். சீர்காழி என்பது எது? நகராட்சி ஒன்று, வட்டம் ஒன்று, சட்டமன்றத் தொகுதி ஒன்று, ரயில் நிலையம் ஒன்று. எல்லாவற்றுக்கும் பெயர் சீர்காழிதான். மனிதர் பேசும்போது சூழலால் புரிந்துவிடும். தரவில் ஒவ்வொன்றும் தனி உருப்படி. வட்டத்தின் மக்கள்தொகையை நகரத்தின் பக்கத்தில் போட்டுவிட்டால், அதை எடுத்துப் பயன்படுத்தும் எல்லா இடத்திலும் ஊர் வீங்கிவிடும். எனவே தேடலில் முதலில் வரும் சீர்காழியைச் சொடுக்காதீர்கள். அதன் பக்கத்துக்குப் போய், ‘இது எந்த வகை’ என்று சொல்லும் பி31 வரியைப் படித்துவிட்டு இணையுங்கள்.

இன்னொரு சிக்கல், ஒரே ஊருக்கு இரண்டு மூன்று உருப்படிகள் இருப்பது. செபுவானோ (பிலிப்பைன்ஸ் மொழி ஒன்று), சுவீடிய விக்கிப்பீடியாக்களில் லெஸ்ஜேபாட் என்ற நிரல், ஜியோநேம்ஸ் என்ற இடப்பெயர்த் தரவுத்தளத்திலிருந்து இடங்களைப் பற்றிய கட்டுரைகளைத் தானாகவே ஏராளமாக உருவாக்கியது. அவை விக்கித்தரவுக்குள் வந்தபோது, ஏற்கெனவே இருந்த ஊர்களுக்கு இரட்டைகள் முளைத்தன. இரட்டையைப் பார்த்தால் இரண்டையும் இணைக்கலாம். அதற்கான கருவி இருக்கிறது. ஆனால் இணைப்பதற்கு முன் அட்சரேகை, தீர்க்கரேகையை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். நம் ஊர்ப்பக்கம் புதூர் என்ற பெயரில் எத்தனை கிராமங்கள் இருக்கின்றன என்பது நமக்குத்தான் தெரியும். தொலைவில் இருப்பவர் பெயர் ஒன்றாக இருப்பதைப் பார்த்து இணைத்துவிடக்கூடும். இணைத்ததைப் பிரிப்பது இணைப்பதைவிடப் பல மடங்கு வேலை.

அடுத்து மாவட்டம். ரங்கநாதன் பிறந்தபோது சீர்காழி தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. 1991இல் நாகப்பட்டினம் மாவட்டம் பிரிந்தபோது அதில் சேர்ந்தது. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை மாவட்டம் தொடங்கியபோது அங்கே போனது. ரங்கநாதனின் பிறந்த இடம் என்ற வரியில் எந்த மாவட்டத்தை எழுதுவது? எதையும் எழுத வேண்டாம் என்பதே நான் கண்ட விடை. பிறந்த இடத்துக்கு சீர்காழி நகரத்தை மட்டும் இணைத்துவிட்டு, மாவட்ட வரலாற்றை சீர்காழியின் பக்கத்தில் எழுத வேண்டும். அங்கே ‘எந்த நிர்வாகப் பகுதியில் உள்ளது’ என்று சொல்லும் பி131 என்ற பண்பில் மூன்று மாவட்டங்களையும் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் சேர்க்கலாம். ஒரு முறை ஊரின் பக்கத்தில் சரியாக எழுதினால், அங்கே பிறந்த எல்லோருக்கும் அது போய்ச் சேரும்.

இதில் பலர் தவறவிடும் நுணுக்கம் ஒன்று இருக்கிறது. முடிவுத் தேதி போட்டுவிட்டால் பழைய மாவட்டம் தானாக விலகிவிடும் என்று நினைக்கிறோம். விலகாது. வழக்கமான குறுக்குவழியில் எழுதிய ஸ்பார்க்கிள் கேள்வி அந்தத் தேதிகளைப் பார்ப்பதே இல்லை. மூன்று மாவட்டங்களையும் விடையாகக் கொடுக்கும். இப்போது நடப்பில் உள்ள மயிலாடுதுறை வரியை ‘முன்னுரிமை’ என்று குறித்தால்தான் அது மட்டும் வரும். வரியின் இடப்பக்கம் இருக்கும் சிறிய மூன்றடுக்குக் குறியில் இதை மாற்றலாம். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்போது 32 மாவட்டங்கள், இப்போது 38. தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் எல்லாவற்றிலும் இதே வேலை இருக்கிறது. உங்கள் ஊர் அவற்றில் ஒன்றில் இருந்தால், விக்கித்தரவில் முதல் திருத்தமாக இதைச் செய்து பாருங்கள்.

இப்போது பெயருக்கு வருகிறேன். எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான்.

ஷியாலி ராமாமிருத ரங்கநாதன். ஷியாலி என்பது சீர்காழி, ஊர். ராமாமிருதம் தந்தை. ரங்கநாதன் அவர் பெயர். மேற்கத்திய முறையில் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டால், ரங்கநாதன் குடும்பப் பெயராகவும் ஊர்ப்பெயர் அவருடைய சொந்தப் பெயராகவும் ஆகிவிடும். எம். எஸ். சுப்புலட்சுமியில் முதல் எழுத்து மதுரை, இரண்டாம் எழுத்து தாய் சண்முகவடிவு. எம். எஸ். சுவாமிநாதனில் முதல் எழுத்து மான்கொம்பு என்ற ஊர், இரண்டாம் எழுத்து தந்தை சாம்பசிவன். ‘எம். எஸ்.’ என்ற அதே இரண்டு எழுத்துகள் ஒருவருக்குத் தாயையும் மற்றவருக்குத் தந்தையையும் சுட்டுகின்றன. இதை எந்த நிரலாலும் எழுத்தைப் பார்த்து ஊகிக்க முடியாது. தெரிந்தவர் எழுதினால்தான் உண்டு.

விக்கித்தரவில் இதற்கு இடம் இருக்கிறது. குடும்பப் பெயர் என்ற பி734 காலியாகக் கிடக்கிறதே என்று நிரப்பக் கூடாது. சொந்தப் பெயருக்கு பி735, தாய் தந்தை வழிப் பெயருக்கு பி5056, தாய்மொழியில் எழுதும் முழுப் பெயருக்கு பி1559. நன்றாகத் திருத்தும் நோக்கத்தோடு வருகிற வெளிநாட்டுப் பங்களிப்பாளர் யாராவது குடும்பப் பெயரை நிரப்பிவிட்டுப் போனால், நீக்கிவிட்டு மட்டும் நகராதீர்கள். உரையாடல் பக்கத்தில் இரண்டு வரி விளக்கம் எழுதுங்கள். விளக்கம் இல்லாத நீக்கம் திரும்ப வந்துவிடும். நான் எழுதிய விளக்கங்களைப் படித்தவர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டார்கள். சிலர் நன்றி சொல்லிவிட்டு மற்றப் பெயர்களையும் பார்த்துத் தரச் சொன்னார்கள். சிறிய சமூகத்தின் நல்ல குணம் இது. அங்கே யார் என்ன செய்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு துறையைப் பொறுமையாகச் செய்பவரைத் தேடி வந்து கேட்பார்கள்.

பெயரில் இன்னொரு பகுதி, மாற்றுப் பெயர்கள். சீ. இரா. அரங்கநாதன், எஸ். ஆர். ரங்கநாதன், எஸ்.ஆர். இரங்கநாதன் என்று தமிழிலேயே பல வடிவங்கள் இருக்கின்றன. புள்ளிக்குப் பின் இடைவெளி விடுவதா இல்லையா என்பதால்கூடத் தேடல் தவறிப்போகும். மக்கள் எழுதும் எல்லா வடிவங்களையும் மாற்றுப் பெயராகச் சேர்த்துவிடுவது என் வழக்கம். சீர்காழியின் பக்கத்துக்கு இதைவிடச் சுகமான வேலை காத்திருக்கிறது: பிரமபுரம், வேணுபுரம், புகலி, வெங்குரு, தோணிபுரம், பூந்தராய், சிரபுரம், புறவம், சண்பை, காழி, கொச்சைவயம், கழுமலம். தேவாரம் படிப்பவருக்கு இந்தப் பன்னிரண்டும் ஒரே ஊர். ‘கழுமலம்’ என்று தேடுபவர் சீர்காழிக்கு வந்து சேர்வதற்கு இந்தச் சிறு வேலை போதும்.

தேதியில் என்ன செய்வது? ரங்கநாதனின் பிறந்த நாள் 1892 ஆகஸ்ட் 9 என்றும் ஆகஸ்ட் 12 என்றும் இரண்டு விதமாகக் காணப்படுகிறது. இந்தியாவில் நூலகர் தினம் ஆகஸ்ட் 12 அன்று கொண்டாடப்படுகிறது. மாணவர்கள் “எது சரி?” என்று உடனே கேட்பார்கள். விக்கித்தரவில் நாம் முதலில் எழுத வேண்டியது யார் எதைச் சொன்னார்கள் என்பதை. இரண்டு தேதிகளையும் கொடுத்து, ஒவ்வொன்றின் கீழும் அதைச் சொல்லும் நூலையோ ஆவணத்தையோ பக்க எண்ணோடு சான்றாக இணைத்தால், படிப்பவர் எடைபோட்டுக்கொள்வார். பாரதியார் மறைந்தது 1921 செப்டம்பர் 11ஆ 12ஆ என்பதும் இப்படித்தான். நள்ளிரவு கடந்த மரணம் இரண்டு நாட்களிலும் பதிவாகியிருக்கிறது. திருவள்ளுவர் காலம் இன்னும் பெரிய கேள்வி. தமிழ்நாடு அரசு கி.மு. 31ஐ அடிப்படையாக வைத்துத் திருவள்ளுவர் ஆண்டைக் கணக்கிடுகிறது. ஆய்வாளர்கள் சொல்லும் காலங்கள் பல நூற்றாண்டுகளுக்கு விரிகின்றன. ஒன்றை அழித்து மற்றதை எழுதுவது சண்டையில்தான் முடியும். சான்றோடு பக்கத்தில் பக்கத்தில் வைப்பதே வேலை. தவறு என்று நிறுவப்பட்டுவிட்ட தேதியைக்கூட அழிக்காமல், தாழ்ந்த தரத்தில் வைத்துக் காரணம் எழுதுவது நல்லது. அழித்தால் நாளை இன்னொருவர் அதே பழைய நூலிலிருந்து எடுத்து மறுபடி சேர்ப்பார்.

தேதியின் நுட்பத்தையும் கவனியுங்கள். இராம நாடகம் பாடிய அருணாசலக் கவிராயர் பிறந்தது 1711. ஆண்டு மட்டும் தெரிந்தால் ஆண்டை மட்டும் எழுத வேண்டும். அப்படி எழுதினாலும் ஸ்பார்க்கிள் பயன்படுத்தும் வடிவத்தில் அது ஜனவரி 1 என்றே இருக்கும்; ‘ஆண்டு அளவு நுட்பம்’ என்ற குறிப்பு தனியாக அதனோடு இருக்கும். ஸ்பார்க்கிளில் தேதியை மட்டும் எடுத்தால் ஏகப்பட்ட பேர் ஜனவரி 1இல் பிறந்ததாகத் தெரியும். நுட்பத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பழைய தமிழ் நூல்களின் முகப்பில் பிரபவ, விபவ என்று ஆண்டின் பெயர் மட்டும் இருப்பதுண்டு. அது 60 ஆண்டுகளுக்கு ஒரு முறை திரும்ப வரும். சித்திரையில் தொடங்குவதால் இரண்டு ஆங்கில ஆண்டுகளிலும் விழும். அப்போது பி1319, பி1326 ஆகிய பண்புகளால் ‘இதற்கு முன் இல்லை, இதற்குப் பின் இல்லை’ என்று எல்லை மட்டும் கொடுக்கலாம்.

அருணாசலக் கவிராயரைச் சொன்னதால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். சீர்காழி மூவர் எனப்படும் தமிழிசைப் புலவர்களில் ஒருவர் அவர். ஆனால் பிறந்தது தில்லையாடியில், வாழ்ந்தது சீர்காழியில். பெயரில் சீர்காழி இருப்பதைப் பார்த்துப் பிறந்த இடத்தை நிரப்பினால் பிழையாகும். வாழ்ந்த இடத்துக்கு பி551 தனியாக இருக்கிறது. ஔவையாரும் அப்படித்தான். சங்கப் பாடல்கள் பாடியவரும் ஆத்திசூடி பாடியவரும் ஒருவரல்லர். இரண்டு உருப்படிகளாக வைத்து, ‘இதிலிருந்து வேறானது’ என்ற பி1889 கொண்டு இரண்டையும் பிணைத்துவிட்டால், நல்லெண்ணத்தோடு யாரும் ஒன்றாக்கிவிட மாட்டார்கள்.

கேள்வி கேட்கும் பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம். சீர்காழியில் பிறந்தவர்கள் யார் யார் என்று ஸ்பார்க்கிளில் கேட்டால் சிலர் வருவார்கள். வராதவர்கள் அங்கே பிறக்கவில்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. தரவில் இல்லாதது பொய்யல்ல, இன்னும் எழுதப்படாதது மட்டுமே. இந்தத் தொழில்நுட்பம் முழுவதும் இந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது. வங்கிக் கணக்குபோன்ற தரவுத்தளங்களில் பழகியவர்களுக்கு இது பிடிபடச் சற்று நேரமாகும். அதனாலேயே நான் கேள்விகளை விடைக்காக மட்டும் எழுதுவதில்லை. இல்லாததைக் கண்டுபிடிக்கவும் எழுதுகிறேன். மயிலாடுதுறை மாவட்டத்தில் பிறந்தவர்களில் தமிழ்ப் பெயர் எழுதப்படாதவர்கள் யார், சான்று இல்லாத பிறந்த தேதி யாருக்கெல்லாம் இருக்கிறது என்று கேட்டால், அன்றைய மாலைக்கான வேலைப் பட்டியல் வந்துவிடும். கேள்வியை எப்போதும் சிறிய இடத்திலிருந்து தொடங்குங்கள். பொதுச் சேவையில் ஒரு கேள்விக்கு 60 விநாடிகள்தான். ‘இந்தியாவில் பிறந்த எல்லா மனிதர்களும்’ என்று தொடங்கிப் பிறகு வடிகட்டினால் நேரம் தீர்ந்துவிடும். சீர்காழியில் தொடங்கினால் கண் இமைக்கும் நேரத்தில் விடை வரும்.

குவிக்ஸ்டேட்மென்ட்ஸ், ஓபன்ரிஃபைன் போன்ற மொத்தத் திருத்தக் கருவிகளைப் பற்றிப் பலர் முதல் நாளே கேட்கிறார்கள். அருமையான கருவிகள். ஆனால் ஒரு வகை உருப்படியைக் கையால் சில முறை திருத்தி, அதில் வரும் விதிவிலக்குகள் எவை என்று தெரிந்த பிறகே தொடுங்கள். மேலே சொன்ன பெயர்ச் சிக்கல் தெரியாமல் ஆயிரம் தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் ஏற்றினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். உயிரோடு இருப்பவர்களின் சொந்த விவரங்களை, வெளியே அச்சில் இருந்தாலும், நான் ஏற்றுவதில்லை.

உழைப்பெல்லாம் எங்கே போய்ச் சேரும் என்று கேட்பவர்களுக்கு விக்கித்தரவைப் போலவே ஆர்வலர்கள் சேர்த்த தரவுத்தளமான ஃப்ரீபேஸின் கதையைச் சொல்வேன். மெட்டாவெப் நிறுவனம் 2007இல் அதைத் திறந்தது, 2010இல் கூகுள் வாங்கியது, 2016இல் மூடப்பட்டது. ஆர்வலர்கள் சேர்த்த தரவில் ஒரு பகுதி விக்கித்தரவுக்கு வந்தது, பெரும்பகுதி வரவில்லை. விக்கித்தரவில் எழுதுவது, எந்த உரிமையையும் கோராத சிசி0 உரிமத்தில் இருப்பதால் யாரும் முழுமையாகப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். இருந்தாலும் நான் திருத்திய உருப்படிகளின் பட்டியலையும், எந்த நூலில் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தேன் என்பதையும் தனிக் கோப்பில் வைத்திருக்கிறேன். இடம் மாறினாலும் சான்று கையில் இருக்கும்.

இப்போது நான் செய்துகொண்டிருப்பது நூல்கள். நூலகராக எனக்கு மிகவும் நிறைவு தரும் பகுதி. திருக்குறள் என்பது ஒரு படைப்பு. 1812இல் முதன்முதலாக அச்சான நூல் அதன் ஒரு பதிப்பு. 1886இல் வந்த ஜி. யு. போப்பின் மொழிபெயர்ப்பு வேறொரு உருப்படி. பரிமேலழகர் உரை தனியொரு படைப்பு, அதற்கும் தனியாகப் பதிப்புகள். ஆசிரியர் என்ற வரியை உரையின் பதிப்பில் வள்ளுவர் என்று மட்டும் எழுதினால் பரிமேலழகர் காணாமல் போவார்; பரிமேலழகர் என்று மட்டும் எழுதினால் மூலம் அறுந்துவிடும். உரைக்கு ஆசிரியர் பரிமேலழகர், உரை எதன் மேல் எழுந்ததோ அது திருக்குறள், பதிப்புக்குப் பதிப்பாசிரியர் என்று மூன்று அடுக்காகப் பிரித்தால்தான் மணக்குடவர் முதலான மற்ற உரைகாரர்களையும் அருகருகே வைத்துக் கேள்வி கேட்க முடியும். எங்கள் நூலகத்தில் இருக்கும் பழைய பதிப்புகளை அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, முகப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் பார்த்துப் பதிப்பாசிரியர், அச்சகம், ஊர், ஆண்டு நான்கையும் எழுதிக்கொள்கிறேன். ஆண்டு அச்சாகாத பிரதிகளுக்கு ஊகித்து எண் போடுவதில்லை. ‘மதிப்பு தெரியவில்லை’ என்று குறிக்க விக்கித்தரவிலேயே வழி உண்டு. வேறொரு நூலகத்தில் முகப்பு கிழியாத பிரதி வைத்திருப்பவர் அந்த வரியை நிரப்பிக்கொள்ளலாம்.